புழுக்கை ஆபீசும் அப்துல் ஜலீலின் பெட்டியும்

“எலிதான் அது. நான் சொல்றத நீ காதுலயே—”

“எலி இல்ல லாத்தா. எலின்னா மேல ஓடும், பாத்திரத்த உருட்டும். இது பெட்டிய விட்டு அசையவே—”

“பெட்டிக்குள்ள பூந்த எலி வேற எங்க ஓடும்? கயித்த அறுத்துப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போவுது.”

“கயித்துல யாரும் கைவைக்கக் கூடாது.”

“யாருமா? நான் அவன்கூடப் பொறந்தவ.”

“நீங்களுந்தான் லாத்தா.”

கூத்தாநல்லூரில் லத்தீஃபா வீட்டு நடு அறையில், மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிப்பதற்குள் இந்தச் சண்டை நடந்து முடிந்தது. வாரத்துக்கு ஒருதரமாவது நடக்கிற சண்டைதான். சைத்தூன் பீவி, மவுத்தாய்ப் போன அப்துல் ஜலீலுக்கு அக்கா. லத்தீஃபா அவர் பெண்சாதி. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஆள் இடுப்பு உயரத்துக்கு அட்டைப்பெட்டி. குறுக்கும் நெடுக்குமாக நீல நைலான் கயிறு. மேலே கறுப்பு மையில் தடித்தடியாக, அ. அப்துல் ஜலீல், கூத்தாநல்லூர்.

ஜலீல் இருபத்திரண்டு வருஷம் சவூதியில், தமாமில் ஏசி ரிப்பேர் பார்த்தவர். கடைசியாக ஊர் வர டிக்கெட் போடுவதற்குப் பதினாலு மாதம் முன்பே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். அங்கே இருக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான், சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு சாமான் வாங்கி உள்ளே வைப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போன் பண்ணும்போது பேச்சுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவர் சரசரக்கும். என்ன சத்தம் என்று லத்தீஃபா கேட்பாள். பெட்டி கட்டுறேன் என்பார். என்ன வாங்கினீங்க என்றால் மட்டும் வாயே திறக்க மாட்டார். வந்து பிரிக்கையில பாரு என்பார்.

பெட்டி பிரிப்பதற்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கொண்டுவந்தவர்தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் கையால் கயிற்றை அறுத்து, ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்னாருக்கு என்று பேர் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கும். வந்தவர் குளிக்கப் போனால் பெட்டியும் காத்திருக்கும். வேறு ஆள் கயிற்றைத் தொட்டார் என்ற பேச்சே கிடையாது.

விமானத்துக்கு ஆறு நாள் இருக்கையில் ஜலீல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கபில் என்கிற முதலாளியின் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், போலீஸ் கடிதம், எம்பசிக் கடிதம் என்று பாடியை ஊருக்கு அனுப்பப் பன்னிரண்டு கையெழுத்து வேண்டியிருந்தது. பதினொன்று கிடைத்தது. இருபத்துமூன்றாவது நாள் அறைத்தோழர் சேக் தாவூது போன் பண்ணி, இங்கேயே அடக்கிடலாமா என்று கேட்டார். லத்தீஃபா சரி என்றாள். என்ன கேட்டார், என்ன சொன்னோம் என்பது அவளுக்கு மறுநாள்தான் புரிந்தது. கார்கோவில் பெட்டி மட்டும் வந்தது.

புருஷன் மவுத்தான பெண்கள் வெளியே வராமல் இருக்கிற இத்தா, நாலு மாதம் பத்து நாள். பெட்டி வந்த பிறகு அந்த அறையில் அவளும் அதுவும்தான். அது வந்து இரண்டாவது வாரம் சரசரப்பு கேட்டது. பட்டப்பகலில். பிளாஸ்டிக் கவரை ஒதுக்கி, எதையோ வைத்து, மறுபடி ஒதுக்குகிற சத்தம். அவளுக்கு அது புதுச் சத்தம் இல்லை. பதினாலு மாதம் போனில் கேட்ட சத்தம்தான். பெட்டிக்கு அடியில் கருஞ்சீரகம் மாதிரி பொடிப்பொடியாகக் கிடந்ததையும் அவள் பார்க்காமல் இல்லை. தினமும் கூட்டி வாரிக் கொட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். சைத்தூன் பீவி கண்ணில் ஒருநாள் பட்டுவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை.

பாங்கு ஓய்ந்த அமைதியில் வாசலில் ஒரு குரல் கேட்டது. “புழுக்கை இருக்காம்மா?”

வந்தவன் பெயர் பகலவன். தஞ்சாவூரில் இருக்கிற காவிரிப் படுகைக் கொறிவிலங்குப் புழுக்கை மரபணு அடையாள மையத்தின் ஒப்பந்த ஊழியன். இவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை, புழுக்கை ஆபீஸ் என்பார்கள். சம்பாப் பயிரை எலி கடிக்கிறது என்று குடியானவர்கள் முறையிட்ட காலத்தில், எந்த எலி என்று தெரியாமல் எப்படி நடவடிக்கை எடுப்பது என்று யோசித்து ஆரம்பித்தது அது. மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர்கள், பிடித்த எலியையே வாலோடு கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தார்கள். எலி வேண்டாம், புழுக்கை போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் வாசலில் கண்ணாடிப் பேழைக்குள் முதன்முதலாக அடையாளம் கண்ட புழுக்கை இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைக்கலாமா என்று ஒரு கமிட்டி போட்டு, கண்ணாடிக்கு மட்டும் வைக்கலாம் என்று முடிவாயிற்று.

பகலவனுக்கு மாதம் நாற்பது புழுக்கை இலக்கு. வயலில் புழுக்கை சேறாகிவிடுகிற பருவம், அதனால் வீடு வீடாகக் கேட்டு வந்தான். லத்தீஃபா இல்லை என்பதற்குள் சைத்தூன் பீவி முந்திக்கொண்டாள். எலியா இல்லையா என்று உங்க ஆபீசே சொல்லட்டும், எலின்னு வந்தா பெட்டியப் பிரிப்போம், இல்லன்னு வந்தா நான் இந்த வாசப்படி மிதிச்சு இதப்பத்திப் பேச மாட்டேன் என்றாள். லத்தீஃபாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இடுக்கியால் ஏழு புழுக்கை எடுத்துப் புட்டியில் போட்டான். படிவத்தைத் தொடையில் வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினான். எலி இந்த முகவரியில் எவ்வளவு காலமாக வசிக்கிறது. சொந்த வளையா, ஒண்டுக்குடித்தனமா. விண்ணப்பதாரருக்கும் எலிக்கும் உள்ள உறவு.

“எலின்னே இன்னும் தெரியலயே தம்பி” என்றாள் லத்தீஃபா.

அவன் யோசித்துவிட்டு, உறவு ஆய்வில் உள்ளது என்று எழுதினான்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டெல்டாவின் அங்கீகரிக்கப்பட்ட எலி இனங்கள் பதினொன்று. தங்கள் மாதிரி பதினொன்றில் எதனுடையதும் அல்ல. எனவே இப்புழுக்கை, புழுக்கை என்ற தகுதியை இழக்கிறது. முத்திரை, கையெழுத்து.

லத்தீஃபா அதை இரண்டாக மடித்து குர்ஆன் வைக்கிற பலகைக்குக் கீழே பத்திரப்படுத்தினாள். எலி இல்லை என்று சர்க்காரே சொல்லிவிட்டது. சைத்தூன் பீவி சொன்ன சொல்லைக் காப்பாற்றி மூன்று வாரம் இதைப் பற்றிப் பேசாமலே வந்து போனாள். அந்த மூன்று வாரமும் லத்தீஃபா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். சத்தம் வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

நாலாவது வாரம் புழுக்கை ஆபீஸ் ஜீப் வந்தது. ஆய்வுக்கூடத்தில் செம்மொழி என்று ஒரு பெண். மன்னார்குடிப் பக்கம் நடவு நட்டுப் பிழைத்த காளியம்மாள் என்பவளின் மகள், படித்து மேலே வந்தவள். தகுதி இழந்த புழுக்கையைக் குப்பையில் போட மனம் வராமல், உலகத்து எலிகளின் பட்டியலோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பொருந்திவிட்டது. அரபுப் பாலைவனத்து எலி. இந்தியாவில் இதுவரை யாரும் கண்டதில்லை.

மையத்தின் டைரக்டர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கூட வந்தவர்களும் அவர் பின்னாலேயே சுற்றினார்கள். எலியைப் பிடித்துப் பார்க்கப் போகிறீர்களா என்று லத்தீஃபா கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நாங்கள் எலியைப் பார்ப்பதில்லையம்மா. பார்த்தால் சார்பு வந்துவிடும். கறுப்பு, குண்டு, வால் நீளம் என்று எண்ணங்கள் வரும். புழுக்கைக்கு முகம் கிடையாது. அதனால்தான் அது உண்மை பேசுகிறது. மையம் தொடங்கி ஒன்பது வருஷமாகிறது, எலி குறைந்ததா என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். எலி குறைந்தால் புழுக்கை எங்கிருந்து வரும் என்று நான் கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.”

பிறகு காகிதம் கேட்டார்கள். எலி எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் வந்தது, தொற்று இல்லை என்று அங்கே சான்று கொடுத்தது யார், பொறுப்பேற்றது யார். லத்தீஃபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

“எம் மச்சான் பாடிக்குப் பன்னெண்டு கையெழுத்து கேட்டாங்க. ஒண்ணு கொறஞ்சுதுன்னு விடல. இது ஒண்ணுமே இல்லாம வந்துருக்கு. எப்படி வந்துச்சுன்னு அதுகிட்டதான் கேக்கணும்.”

எழுதிக்கொண்டிருந்த பகலவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். டைரக்டர், உரிய ஆவணங்கள் இல்லை என்று குறிக்கச் சொன்னார். கயிறு குறுக்கே வெட்டுகிற நாலு இடத்திலும் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். ஒரு தகரப் பலகை மாட்டினார்கள். அரிய உயிரியின் வாழிடம், திறப்பது குற்றம். திறந்தால் வழக்குப் பதிவாகும் என்று வாயாலும் சொன்னார். லத்தீஃபாவின் மகன் ஜாபிருக்கு அப்போதுதான் பாஸ்போர்ட் போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வழக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கை லத்தீஃபா பார்த்தாள்.

உள்ளூர அவளுக்குச் சந்தோஷம்தான் என்று சொல்ல வேண்டும். இனி யார் கையும் கயிற்றில் படாது. காவலுக்குச் சர்க்காரே வந்தாயிற்று.

பதினைந்து நாளைக்கு ஒருதரம் பகலவன் வந்து புதுப் புழுக்கை அள்ளிப்போவான். போன தடவையின் அறிக்கையைக் கொடுத்துப்போவான். முதல் அறிக்கை வந்த அன்று சைத்தூன் பீவியும் இருந்தாள். எழுத்து பொடி, நீயே படி தம்பி என்று அவனை உட்காரச் சொன்னார்கள். அவன் நாற்காலி வேண்டாம் என்று பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எலி என்னென்ன தின்றது என்பதையும் புழுக்கையிலிருந்தே கண்டுபிடித்து எழுதுவது மையத்தின் வழக்கம். பகலவன் உணவு என்ற பத்தியைப் படித்தான்.

பேரீச்சை, முப்பத்தொரு சதவீதம். பிஸ்தா, இருபத்திரண்டு. எள்ளு, ஒன்பது. எள்ளு அல்வா டப்பா என்றாள் லத்தீஃபா. ஜாபிருக்குப் பிடிக்கும். ஆட்டு ரோமம், பத்தொன்பது.

“ஆட்டு ரோமமா?” என்றாள் சைத்தூன் பீவி.

“கம்பளியா இருக்கும்மா.”

சைத்தூன் பீவி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளி கொண்டாடா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். தம்பி மறந்துவிட்டான் என்று அவன் மவுத்தான அன்றைக்கு அழுகையோடு அழுகையாக அதையும் சொல்லி அழுதவள். இப்போது அந்தப் பக்கமே திரும்பி நின்றுகொண்டு, எனக்குத்தான் அது, எனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பருத்தி, பதினொன்று, என்று படித்த பகலவன் அடுத்த வரியில் நின்றான். மனிதன், ஆண், எட்டு சதவீதம்.

வெளியே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். பெட்டிக்குள் கவர் சரசரத்தது.

மனித அடையாளம் வந்தால் கைபட்ட அழுக்கு என்று அடித்துவிடுவதுதான் ஆய்வுக்கூட வழக்கமாம். ஆனால் மேசையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் பெண்கள், இது ஆண். முதலில் பகலவன்மேல் சந்தேகம் விழுந்தது. அவன் எச்சிலை எடுத்தார்கள். முடிவு தெரிகிறவரை மூன்று நாள் இடைநீக்கம். அவன் இல்லை. டைரக்டர் ஒருதரம் பெட்டியைச் சுற்றி நடந்தாரே என்று யாரோ மெதுவாகச் சொல்ல, அவருடைய எச்சிலையும் எடுப்பதா என்று கூட்டம் போட்டு, பதவிக்கு எச்சில் கிடையாது என்று தீர்மானித்தார்கள். கடைசியில் செம்மொழி கூத்தாநல்லூருக்கே வந்து ஜாபிரின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்துப்போனாள். மறு அறிக்கையில் ஒரே வரி. மேற்படி மனிதர், ஜாபிர் என்பவரின் தகப்பனார்.

ஜாபிர் அதை வாங்கி மறுபடி ஒருதரம் படித்தான். அவன் பிறந்ததிலிருந்து அப்பாவோடு சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று வருஷம்கூட வராது.

“நான் சொன்னேன்ல” என்று லத்தீஃபா மட்டும் சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அதைக் கேட்ட செம்மொழிக்குத்தான் மனம் கேட்கவில்லை. அவளாக வந்து லத்தீஃபாவுக்கு எதிரே உட்கார்ந்து, மெல்ல எடுத்துச் சொன்னாள். அடியில் அவர் கட்டின கைலியோ, தலையணை உறையோ வைத்துக் கட்டியிருப்பார். வேர்வை, ஒன்றிரண்டு தலைமுடி. இத்தனை நாள் துணியில் அப்படியே இருந்திருக்கும். எலி அதைக் கடிக்கிறது.

லத்தீஃபா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அப்ப அவரத் தின்னுக்கிட்டிருக்கா?”

“அப்படியில்லம்மா. துணியத்தான்...”

“அந்தத் துணியிலதான அவரு இருக்காரு.”

அன்றைக்கு மாறிப்போயிற்று எல்லாம். அதுவரை ஆறுதலாக இருந்த அதே சரசரப்பு கேட்டால், இப்போது முக்காட்டால் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் உலை வைக்கும்போதும் தொழும்போதும் உள்ளே அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தார். கத்தி எடுத்துக்கொண்டு இரண்டு தரம் பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். இரண்டு தரமும் அரக்கைப் பார்த்தாள், ஜாபிரின் பாஸ்போர்ட்டை நினைத்தாள், திரும்பினாள். சைத்தூன் பீவி இப்போது வேறு மாதிரிச் சண்டை போட்டாள். அன்னிக்கே அறுத்திருந்தா கம்பளியாவது மிஞ்சியிருக்கும், அவன் துணியும் மிஞ்சியிருக்கும் என்றாள். அவள் சொன்னது சரி என்று லத்தீஃபாவுக்கும் பட்டது.

இருவரும் சேர்ந்து தஞ்சாவூர் பஸ் ஏறினார்கள். பெட்டியைத் திறக்க அனுமதி வேண்டும், துணியை மட்டும் எடுத்துக்கொண்டு எலியை அவர்களிடமே விட்டுவிடுகிறோம் என்று மனு. கூடவே இறப்புச் சான்று. டைரக்டர் இரண்டையும் படித்தார். இறப்புச் சான்றைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தார்.

“இதில் ஒரு சிக்கல் இருக்கிறதம்மா. இந்தக் காகிதம் அவர் தமாமில் அடக்கமாகியிருக்கிறார் என்கிறது. எங்கள் அறிக்கை அவர் கூத்தாநல்லூரில் எட்டு சதவீதம் இருக்கிறார் என்கிறது. மையத்தின் அறிக்கை தவறு என்று நானே எழுத முடியுமா? ஒன்பது வருஷத்து அறிக்கையெல்லாம் கேள்விக்குள்ளாகும். எனவே அவர் பெட்டியில்தான் இருக்கிறார். வாழிடத்தைத் திறக்க, அதில் வசிப்பவர் எல்லாரின் சம்மதமும் வேண்டும் என்பது விதி. எலிக்கு மையமே கார்டியன். எலி சார்பில் நான் சம்மதிக்கவில்லை. உங்கள் கணவர் சம்மதித்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பரிசீலிக்கிறோம்.”

“அவருதான் மவுத்தாயிட்டாரே” என்றாள் சைத்தூன் பீவி.

“தொண்ணூற்றிரண்டு சதவீதம்” என்றார் டைரக்டர். அதைச் சொன்னபோது அவர் குரலில் உண்மையாகவே அனுதாபம் இருந்தது.

திரும்பும்போது பஸ் அம்மாப்பேட்டை தாண்டியது. இருபுறமும் அறுவடை முடிந்த நெல் தாள். ஒரு வயலில் யாரோ எலி வளையை மண்வெட்டியால் வெட்டி, உள்ளே சேர்த்து வைத்திருந்த நெற்கதிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுறாங்க பாரு, கேட்டுக்கிட்டா வெட்டுறாங்க என்றாள் சைத்தூன் பீவி. ஜாபிர் விசா வந்து போய்ச் சேரட்டும், மறுநாள் நாமளே வெட்டுவோம் என்றும் சொன்னாள். லத்தீஃபா தலையாட்டினாள். விசா எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. எட்டு எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியாது.

அடுத்த அறிக்கையில் மனிதன், ஆண், ஐந்து என்று இருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு. பகலவன் படிக்கிறபோது அந்த வரியை மட்டும் குரல் தாழ்த்திப் படித்தான். பேரீச்சையும் பிஸ்தாவும் தீர்ந்துபோய்ப் பத்தியில் பருத்திதான் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. லத்தீஃபா தனியாகத்தான் போனாள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பந்தல், மைக், ஜிலேபி. எலி குட்டி போட்டுவிட்டது. சின்னதாகப் புதுப் புழுக்கைகள் வந்திருக்கின்றன, அளவும் மரபணுவும் ஐயமற நிரூபிக்கின்றன, இந்திய மண்ணில் பிறந்த முதல் தலைமுறை என்று டைரக்டர் மைக்கில் சொன்னார். வரும்போதே இணையோடு வந்திருக்கிறது, ஒரு தாய் பாலைவனத்திலிருந்து நம் டெல்டாவை நம்பி வந்திருக்கிறாள், குழந்தைகளுக்கு மெத்தென்று பருத்தியைக் கிழித்துப் படுக்கை போட்டிருக்கிறாள், அந்தப் படுக்கையைக் கொடுத்த குடும்பத்தைக் கௌரவிக்காமல் இருக்க முடியுமா என்றார். கைதட்டினார்கள். லத்தீஃபாவை மேடைக்கு அழைத்து, வாழிடக் காப்பாளர் என்று பட்டம் எழுதின கண்ணாடிச் சட்டத்தைக் கொடுத்து, ஒரு சால்வையும் போர்த்தினார்கள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள்.

சால்வையோடு அவள் பின்பக்கம் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். மைக் சத்தம் அங்கேயும் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் செம்மொழி அன்றைய அறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லத்தீஃபாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். காகிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

லத்தீஃபா தடுப்பில் இருந்த சின்ன ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள்.

“இந்தத் தடவ அவரு எவ்வளவும்மா இருக்காரு?”